இரண்டு வருட இருட்டு

செம்மொழி எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை. திருப்பனந்தாளுக்குப் பக்கத்து ஊர். பண்ணை வேலை பார்த்த குடும்பம்; அவள் அப்பா அரசப்பன்தான் முதன்முதலில் குத்தகைக்கு நிலம் பிடித்தவர். அவள் சம்பளத்தில் அதே நிலம் சொந்தமாகி, இப்போது கணவன் சேரன் சாகுபடி பார்க்கிறான். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். அந்தக் குணம்தான் வினையாயிற்று.

இந்தக் குறுவை நேரத்தில் ஆசிரியர்களான எங்களுக்கு ஆன்லைன் பயிற்சி வந்தது. பெரிய விண்கல் விழுந்தால் பூமி என்ன ஆகும்? நான்கு பேர் சேர்ந்து ஒரே கோப்பில் எழுத வேண்டும். நிலம், நீர், காற்று, உயிர் என்று ஆளுக்கு ஒரு பங்கு. எனக்கு நிலம். குழி விழும், அதிரும் என்று எழுதிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். காற்று நாகூர் ஷஹ்பாஸ் சாருக்கு. 'தூசி எழும்பி இரண்டு வருடம் வெயிலை மறைக்கும்' என்று அவர் எழுதினார். உயிர் செம்மொழிக்கு. நாங்கள் மூன்று பேரும் கொன்றதை அவள் எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஊர் கேட்டிருந்தார்கள். பாவி, சொந்த ஊரையே எடுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவளுக்கு அப்பா வர ஆரம்பித்தார். காவிரி வராத ஒரு வருடம், கருகிய சம்பாவைப் பார்த்தபடி வரப்பிலேயே சாய்ந்து செத்துப்போன மனிதர் அவர்.

"கோப்பத் திறந்தா வந்து நிக்கிறாருக்கா," என்றாள் என்னிடம். "வெதைக்கு நெல்லு இருக்கான்னு மட்டும் கேக்குறாரு."

எனக்குப் பேய்க் கதை பிடிக்காது. ஆனால் அவள் உச்சி வெயிலில் வகுப்பறை விளக்கைப் போடுவதைப் பார்த்ததும் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன்.

விதைநெல் எத்தனை வருடம் தாங்கும் என்று சேரனிடம் கேட்டாள்.

"வர்ற பட்டத்துக்குத் தாங்கும். மறு வருஷம் பாதி மொளைச்சா உண்டு. அதுக்கப்புறம் கோழிக்குத்தான்," என்றான். "கல்லு எப்ப விழுதாம்? சொன்னா சம்பா நாத்தங்காலத் தள்ளிப் போடுறேன்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு வருட இருட்டில் ஊரில் விதை மிஞ்சாது. நான் பக்கத்தில் இருக்கும்போதே ஷஹ்பாஸ் சாருக்குப் போன் போட்டாள்.

"சார், இருட்ட ஒரு வருஷமா கொறைக்க முடியுங்களா?"

"நானா போட்டேன் டீச்சர்? குடுத்த பாடத்துல அப்படித்தாங்க இருக்கு."

"ஒரு வருஷம்னா பாதி வெதையாவது மொளைக்கும் சார்."

மறுநாள் கோப்பில் 'ஒரு வருடம்' என்று இருந்தது. நல்ல மனிதர்.

அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்குப் போனேன். கோப்பைத் திறந்துவைத்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே அதை அழித்துவிட்டு, 'இரண்டு வருடம்' என்று போட்டாள்.

"அப்பாகிட்ட பொய் சொல்ல முடியலக்கா."

தன் பங்கின் கடைசியில் 'விதைநெல் முளைக்காது' என்று எழுதிவிட்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

வயலிலிருந்து வந்த சேரன் எங்கள் தோளுக்கு மேல் எட்டி, முழுவதையும் நிதானமாகப் படித்தான். கேலி செய்வான் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அந்த ரெண்டாவது வருஷம் நாம என்ன பண்றது?"

செம்மொழி கோப்பை மூடினாள். அவள் எழுதியதில் முதல் வருடத்துக்கு மேல் ஊரில் ஆள் யாரும் இல்லை.