காக்கா, எலி, அத்தங்கா

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை, எனக்கு வயிறே எரிந்தது. எங்கள் மாட்டுங்கா ஒற்றை அறை வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பதவி. அதையும் அத்தங்கா வந்து பிடுங்கிக்கொண்டாள்.

அப்பா சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். மிஞ்சிய வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதிகாரி கையால் எழுதிய தாளை நான் உரக்கப் படிக்க, டைப் அடித்த தாளில் விரல் வைத்து அவர் சரிபார்ப்பார். ஒன்பது வயதில் அதுதான் என் கர்வம்.

அத்தை காலமானதும், அவள் மகள் அத்தங்காவை அப்பா செம்பூரிலிருந்து அழைத்துவந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தகப்பனார் முன்பே கிடையாது. அன்றிலிருந்து தயிர் ஏடு அத்தங்காவுக்கு, ஜன்னலோரப் படுக்கை அத்தங்காவுக்கு. முணுமுணுத்தால் அம்மா, “அரே, விட்டுக்குடேன்டி, பாவம் அவ” என்பாள். தொலையட்டும் என்று விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தாள்களை அவளிடம் நீட்டி, “நீ படிம்மா” என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது வனவிலங்குச் சட்டப் பட்டியல். சிங்கம், கானமயில் எல்லாம் முதலில், தொடவே கூடாது. முயல், கௌதாரி நடுவில். லைசென்ஸ் இருந்தால் சுடலாம். கடைசியில் காக்கா, எலி, வௌவால். யார் அடித்தாலும் கேள்வி கிடையாது. அப்பா காபிக்கு எழுந்த சமயம், வௌவாலுக்குக் கீழே பென்சிலால் அத்தங்காவின் பெயரை எழுதிவைத்தேன். உரக்கப் படித்து மானம் போகட்டும்!

படித்துக்கொண்டே வந்தாள். காக்கா, எலி, வௌவால். நிறுத்தினாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

“இந்தப் பக்கம் முடிஞ்சுது மாமா” என்றாள். அவள் கட்டைவிரல் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

என்னை மாட்டிவிடவில்லை, பார்த்தீர்களா? நல்லவள் வேஷம்! எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அப்பாவிடமே கேட்டேன். “முதல் லிஸ்ட்ல சேரணும்னா என்னப்பா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். கூட்டமெல்லாம் அழிஞ்சுபோய் ஒண்ணு ரெண்டு மிஞ்சித்துன்னா, தானா சேர்த்துடுவா.”

அத்தங்கா தாளை வைத்துவிட்டு விருட்டென்று பால்கனிக்குப் போனாள். இடம் காலி! ஒரே தாவாகத் தாவி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தை எடுத்தேன். நாலு வரி படித்துவிட்டு நிமிர்ந்தால், அப்பாவின் விரல் தாளிலேயே இல்லை. இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருக்க, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதற்காக அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.