குறை தன்னுடையது என்று சொன்ன உதுமான் முதலாளி

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த உதுமான் முதலாளி காலமான செய்தியை முடிதிருத்தும் கடையில் கேட்டேன். சொன்னவர் அதோடு நிறுத்தவில்லை. "பாவம், மலட்டுப் பொம்பளைய கட்டிக்கிட்டு வாரிசில்லாம போய்ட்டாருங்க" என்றார். அவரை அறிந்தவர்களே, அவர் வாயாலேயே உண்மையைக் கேட்ட பிறகும் இப்படிப் பேசுகிறீர்களே, அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாததால் அவருடைய அண்ணன் பண்டாரவளையில் அவருக்கு இரண்டாவது பெண் பார்த்திருந்தார். மனைவி சுபைதா தாய்வீட்டுக்குப் போகத் துணிகளை மூட்டை கட்டிவிட்டார். அந்த நாளில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் மூன்றாம் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கக் கடைக்கு வந்தார். முதலிரு மனைவியரை மலடிகள் என்று துரத்திய மகான். அவர்களில் ஒருத்தி வேறொருவனைக் கட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகச் சந்தைக்கு வருவாள். கங்காணியின் புத்திக்கு அந்தச் சான்று போதவில்லை.

"நீங்களும் மாப்பிள்ளையாமே முதலாளி! ஒரே பந்தலா போட்ருவமா?" என்று இளித்தார். கடையே சிரித்தது.

"எனக்கு ரெண்டாம் கல்யாணம் இல்ல கங்காணி. டாக்டர்ட்ட காட்டினேன். இடப்பக்க விதைக்கு மேல நரம்பெல்லாம் மண்புழுக் கூட்டம் மாதிரி சுருண்டு பொடச்சி ஈக்கி. அது ஈக்கிற எல்லாருக்கும் புள்ள இல்லாம போறதில்லயாம். எனக்கு அதாலதான் எண்டு நெனைக்கிறார். கொற எனக்கிட்ட. நீங்க காட்டினீங்களா?"

"ஆம்பளகிட்ட கேக்குற கேள்வியாய்யா இது?"

"தேயில வெதய தண்ணில போட்டு, மெதக்கிறத வீசிட்டுத்தானே நடுறீங்க? மொளைக்காட்டி மண்ணையா வெரட்டுறீங்க?"

கங்காணி சேலையை எறிந்தார். "இனி எந்தோட்டத்து ஆளு ஒருத்தன் ஒங்க கடப் படி ஏறட்டும், பாக்குறேன்!"

ஏறவில்லை. தீபாவளிக்குக்கூட வரவில்லை. அண்ணன் இரண்டாம் கல்யாணப் பேச்சை விட்டார். வீட்டில் சுபைதா மூட்டையை அவிழ்த்தார்.

ஊர் ஆண்களோ உதுமானுக்குப் 'புழு முதலாளி' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளை வரம் கேட்டு மனைவியரை வெறுங்காலில் கதிர்காமம்வரை நடக்கவைத்து, தாங்கள் அடுத்த தெரு டாக்டரிடம் போக நடுங்கிய வீரர்கள்! வியாபாரம் சரிந்ததைப் பற்றி அவரிடம் கேட்டேன். "பொய்க்குத் தலையாட்டினாத்தான் கட ஓடும் எண்டா, மூடின கட நல்லம் வாத்தியார்" என்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நெஞ்சுரத்தில் ஒரு துளி. பிள்ளையில்லை என்று மனைவியை அனுப்பிவிட என்னிடம் யோசனை கேட்டு வருகிறவனை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, முதலில் நீ போய் உடம்பைக் காட்டு என்கிறேன். பலர் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போகிறார்கள். போகட்டும். வீட்டில் அவர்களுடைய மனைவிமாருக்கு, குறை ஆணிடமும் இருக்கலாம் என்பது முன்பே தெரியும். சுபைதா சொல்லியிருக்கிறார்.