மண்ணுக்குள் வைத்த வெயில்

துபாய்க்கு வடக்கே, ராஸ் அல் கைமாவில் கோடை வந்தால் நாங்கள் ஹீட்டரை அணைத்துவிடுவோம். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமே! மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. குளியலறை ஹீட்டருக்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் உடம்புக்கு ஆகும். ஊரில் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். ஜனவரியில் மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றைச் சொன்னால் அதையும் நம்பமாட்டார்கள். அந்தக் காற்றில்தான் என் கணவர் ஜெரோமின் நல்லமிளகுக் கொடி முதல் வருடம் கருகியது.

ஜெரோம் செராமிக் தொழிற்சாலையில் பைப் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போயிற்று. வேலை போனபின் என் நர்ஸ் விசாவில் வீட்டோடு இருந்தார். குளச்சலில் படகு எஞ்சின் சத்தத்தை மீறிப் பேசி வளர்ந்தவருக்கு, 'ம்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொற்களே மிச்சம். டியூட்டிக்குப் போகும்போது எந்த நாற்காலியில் விட்டேனோ, திரும்பும்போதும் அதில்தான் இருப்பார். கொடி கருகிய பிறகு ஒருநாள் நாற்காலி காலியாக இருந்தது. பின்முற்றத்தில் இடது கையால் மண்வெட்டி பிடித்து நின்றார்.

"எதுக்கு இப்பிடிக் கெடந்து தோண்டுதீங்க?" என்றேன்.

குச்சியால் தரையில் வரைந்து காட்டினார். பிளாஸ்டிக் கூரை, அதற்குள் செடி, மண்ணுக்கு அடியில் நீண்ட குழாய். பகலில் கூரைக்குள் சூடாகும் காற்றைச் சின்ன ஃபேன் ஒன்று குழாய்க்குள் தள்ளும். மண் அந்தச் சூட்டை வாங்கி வைத்திருந்து ராத்திரி திருப்பித் தரும். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் ஆஃப் கிடைத்த நாளெல்லாம் கூட நின்று மண் அள்ளினேன்.

பள்ளம் இடுப்பளவு ஆனபோது வீட்டுக்காரர் வந்தார். அபு சாலிம், பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான எமிராத்தி அரபி.

"கரம் பானி நிக்லா?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் ஆவலாகக் கேட்டார். வெந்நீர் வந்துவிட்டதா என்று. இந்தப் பக்கம் வெந்நீர் ஊற்று உண்டு; அதைத் தேடுகிறோம் என்று நினைத்துவிட்டார்.

"பானி மாஃபி. கரம் ஹவா," என்றேன். தண்ணீரில்லை, சூடான காற்று.

குழம்பிப்போய்ப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய இலந்தை மரத்தின் வேரை நாங்கள் நெருங்கியிருந்தோம். முகம் மாறியது. "கலாஸ். பந்த் கரோ." போதும், மூடு.

வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பள்ளத்திலிருந்து ஜெரோம் நிமிர்ந்தார்.

"மூட... மாட்டேன்."

தமிழில்தான் சொன்னார். குழறியது, ஆனால் முழுதாக வந்தது. மண்குவியலில் உட்கார்ந்து நான் அழுதேன்.

"கியா போலா?" என்ன சொன்னார் என்று அபு சாலிம் பதறினார்.

"வோ போலா, பாபா. பஹுத் தின் கே பாத் போலா." அவர் பேசினார், எத்தனையோ நாளுக்குப் பிறகு பேசினார். அதற்குமேல் எனக்கு இந்தி வரவில்லை.

அபு சாலிம் ஜெரோமின் தொங்கும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, மரத்தைச் சுற்றி விரலால் மணலில் ஒரு வளைகோடு இழுத்தார். "ஐசா கரோ." இப்படிச் செய். எங்கள் குழாய் இன்றும் அந்த இடத்தில் வளைந்துதான் போகிறது.

அடுத்த ஜனவரியில், மலைக்காற்று அடித்த ஒரு விடியலில் பிளாஸ்டிக் கூடாரத்தின் கதவைத் திறந்தேன். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்தது. புதுக்கொடியில் தளிர் விட்டிருந்தது. கோடையில் பிளாஸ்டிக்கைக் கழற்றி நிழல்வலை கட்டினோம். அப்போது அதே குழாய் கொஞ்சம் குளுமை தந்தது. ஜெரோம் செடியோடு பேசினார், பிறகு என்னைத் திட்டவும் தொடங்கினார். நாகர்கோவிலில் படிக்கும் மகள் போனில், "ஊருக்கு வாங்கப்பா, இங்க சும்மா குத்தி வச்சாலே வளருமே," என்றாள். "இங்க... நான் வளத்தேன்," என்றார்.

மூன்றாம் வருடம் மிளகு பிடித்தது. உலர்த்தி ஒரு கிண்ணம் அபு சாலிமுக்குக் கொடுத்தோம். ஒன்றைக் கடித்துக் கண்கலங்கி, "ஃபில்ஃபில் ஹிந்தி!" என்று தம் நண்பர்களிடம் பெருமையாகக் காட்டினார். இந்திய மிளகாம். மீதியை லீவில் ஊருக்குக் கொண்டுபோனேன். நாத்தனார் மெர்சி அதை நுணுக்கி மீன்குழம்பில் போட்டு, ஆவியை மூக்கால் இழுத்துப் பார்த்தாள்.

"என்ன இருந்தாலும் கல்ஃப் நல்லமொளவுக்கு மணம் வேறதான், மைனி."