சரோஜா அக்கா போட்ட தரை

சரோஜா அக்கா இறந்துவிட்டார். நேற்று விடியற்காலை, தூக்கத்திலேயே... மாலைக்குள் மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

தப்பாக டைப் பண்ணியிருந்தால் மன்னியுங்கள்.

சிங்கப்பூர் தேக்காவில் வீட்டுக்குக் கல் வாங்கிய பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஷோரூமில் என் பக்கத்து மேசை. மார்பிள், கிரானைட், சிலேட்டு... இவற்றை விற்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை.

வெள்ளை மார்பிளைத் தடவிப் பார்த்து, "கிச்சன் டாப்புக்கு இதுதான் வேணும்" என்று யாராவது மயங்கி நின்றால் அக்கா கேட்கும் முதல் கேள்வி: "வீட்ல ரசம் வைப்பீங்களா?"

"வைப்போம்."

"அப்ப வேணாம்லா. புளி பட்டா பாலிஷ் போயிடும். மஞ்சக் கறை ஏறினா இறங்காது. இத ஹாலுக்குப் போடுங்க, ராஜா மாதிரி இருக்கும். அடுப்படிக்குக் கிரானைட் பாருங்க."

உள்ளே முதலாளி பல்லைக் கடிப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போனது. அதற்குப் பிறகுதான் அக்கா தங்கள் புக்கிட் மேரா வீட்டுத் தரையை மொத்தமாகப் பெயர்த்தார்.

ஹாலில் வழவழ மார்பிள். சமையலறையில் பளபளப்பு இல்லாமல் தேய்த்த கிரானைட். பாத்ரூமில் சொரசொரவென்று சிலேட்டு.

வாசலுக்கு, எங்கள் ஷோரூம் இருக்கும் கடைவீட்டில் கழற்றிய பழைய கருங்கல் படி. 1900களின் தொடக்கத்தில் கட்டிய கட்டடம் அது. அத்தனை காலம் மிதிபட்டு நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். லாரியில் தூக்கிப் போடு என்று முதலாளி சொன்ன கல்லை, அக்கா கெஞ்சி வாங்கி, மெல்லிசாக அறுத்துப் பதித்துக்கொண்டார்.

"என்னக்கா, ஷோரூமையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டீங்க?" என்று கிண்டல் பண்ணினேன்.

"எங்க நிக்கிறோம்னு அவரு காலுக்குத் தெரியணும்ல..."

அந்த வீட்டில் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. "காபி கிரானைட்ல இருக்குங்க." "ஃபோன மார்பிள்லயே விட்டுட்டு வந்துட்டீங்க." இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கேட்கவே ஆசையாக இருக்கும்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன்பே நான் அங்கே போய்விட்டேன்.

உட்காருகிறவர்களுக்குக் கல் ஜில்லென்று இருக்குமே என்று யாரோ நல்ல மனதோடு வீடு முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். வாசலிலிருந்து பாத்ரூம் வரை, ஓர் இடம் விடாமல்.

மாமா ஹால் நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "சிலேட்டு எங்க? சிலேட்டு எங்கம்மா?"

சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். "பாவம், அதிர்ச்சியில சின்னப் பிள்ளையாயிட்டாரு." ஒருவர் "ஏதாச்சும் எழுதணுமாய்யா?" என்று பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தார்!

மகன் பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாருங்கக்கா... இனிமே அப்பாவ எப்படித் தனியா விடறது? வீட்ட வித்துட்டு, தெம்பனிஸுக்கு என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

வாரக் கடைசியில் வந்து போகிற பிள்ளை. அம்மா அப்பாவின் கல் பேச்சு அவர் காதில் விழுந்ததே இல்லை போல. இருந்தாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, அப்பா டாய்லெட் போகணும்னு கேக்குறாரு!"

சாவு வீடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பிறகு குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். பிரபுவும் சுருட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள்.

மாமா வெறுங்காலை ஒருமுறை தரையில் தேய்த்துப் பார்த்தார். யாரையும் பிடிக்காமல் நடந்து போனார். போய்விட்டு வந்தவர் சமையலறையில் நின்றுவிட்டார்.

"இங்கதான் நிப்பா," என்றார். அதுவரை அழாத மனுஷன்... அப்போதுதான் உடைந்து அழுதார்.

பிரபு பக்கத்தில் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "வீட்ட விக்கலப்பா. நாங்க இங்க வந்துடறோம்."

போய்ட்டு வாங்க சரோஜாக்கா... மாமா அவரு வீட்டுலதான் இருக்காரு.