அப்பா கையில் கேட்ட சத்தம்

அந்தச் சிறுநீரக டாக்டருக்கு வார்டில் வைத்த பெயர் ‘தண்ணி டாக்டர்’. நோயாளிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. அதற்கு மேல் யார் ஒரு மடக்கு குடித்தாலும் அந்த அம்மாவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். எடை மெஷினில் ஏற்றி நிறுத்தி, “யார் வீட்டு டேங்கைக் காலி பண்ணிட்டு வந்தீங்க?” என்பார். திட்டினால் பிரியமாக இருக்கிறார் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. செத்துப்போன சிறுநீரகத்தைப் பிழைக்க வைக்க அவராலும் முடியாது. நாளைக் கடத்திக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அவரிடம் வரும் ஒரு பெயிண்டருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்கு அனுப்புவதற்காக, இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே காதை வைத்தால் ‘உர்ர்’ என்று கேட்கும். சத்தம் கேட்டால் வழி திறந்திருக்கிறது. வலது கையில் தைத்த வழி போன வருடமே அடைத்துவிட்டது. இதுவும் போனால் கழுத்தில் குழாய்தான். அப்புறம் கிருமி, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக வரும். குழாயோடு வந்தவர்களில் எத்தனை பேரைப் பறிகொடுத்தோம் என்பது டாக்டருக்குத் தெரியும்.

பெயிண்டர் சரியான மறதிக்காரர். காலையில் கையைத் தொட்டுப் பாருங்கள் என்றால் தலையை ஆட்டுவார், பார்க்கமாட்டார். அதனால் அவருடைய ஆறு வயது மகளைக் கூப்பிட்டார் டாக்டர்.

“குட்டி, இனிமே நீதான் காவல். தினம் அப்பா கையில காது வச்சுக் கேக்கணும். சத்தம் நின்னா உடனே எனக்குப் போன் பண்ணச் சொல்லணும். சரியா?”

சரியென்று சொன்னவள் அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். “பாதி சாப்பாட்டுல எந்திரிச்சுப் போய்க் கேக்குறா மேடம், எச்சில் கையோட!” என்று அம்மாக்காரி சிரித்தாள். டாக்டரும் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். டாக்டர் விரல் வைத்துப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். கை ஊமையாகிவிட்டது.

“கைய அமுக்கிப் படுத்தீங்களா? எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டேன்!”

“ஆமா மேடம். நான்தான்,” என்றார் பெயிண்டர்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “பொய் சொல்றாரு மேடம். நாமெல்லாம் தூங்குறப்ப சத்தம் நின்னுட்டா என்ன பண்றதுன்னு இவ அந்தக் கை மேலயே காதை வச்சுத் தூங்கிட்டா. டயாலிசிஸ் பண்ணிட்டு வந்த அசதி, இவரு அடிச்சுப் போட்ட மாதிரி கெடந்தாரு. விடியிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தெரியல.”

கையில் கனம் ஏறக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, அமுக்கக்கூடாது என்று அப்பனுக்கு ஆயிரம் முறை சொன்ன டாக்டர், பிள்ளையிடம் கேள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

ஆபரேஷன் செய்கிறவர் இரண்டு மணி நேரம் போராடினார். “ரத்தம் கெட்டியா உறைஞ்சுடுச்சு, ஒண்ணும் பண்ண முடியல,” என்று கையுறையைக் கழற்றினார். சாயங்காலம் கழுத்தில் குழாய் போட்டார்கள்.

மகள் வார்டு வாசலிலேயே நின்றாள். “வாடா கண்ணு,” என்று அப்பா இரண்டு முறை கூப்பிட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

“குட்டி, இது உன் தப்பு இல்லடா. என் தப்பு. உங்கிட்ட நான்தான் சரியா சொல்லல.”

அவள் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ராத்திரி நீங்க எங்க வீட்டுலயே இல்லையே, டாக்டர்.”