சஷ்டி ஆறு நாளும் சாப்பிட்டேன்

நான் குண்டாக இருந்தவரை என் உடம்பைப் பற்றி ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை. இளைத்ததும் ஊரே கவலைப்பட ஆரம்பித்தது. சேலையூரில் வீட்டைவிட்டுக் கிளம்பி கேம்ப் ரோட்டில் பஸ் ஏறுவதற்குள் யாராவது நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "என்னங்க, சுகரா?" என்பார்கள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் பழம் விற்கிற அம்மா மட்டும் குரலைத் தாழ்த்தவில்லை. "இன்னாமா, பாதியா கரைஞ்சு பூட்டே? வூட்ல சோறு கீறு போடறாங்களா இல்லியா?" என்று ரோட்டுக்கே கேட்கும்படி கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் பழம் வாங்காமலே வந்துவிட்டேன்.

சுகரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் அவள் வீடு. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என் கிட்னி அவளுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். டாக்டர் அழ விடவில்லை. "உங்க எடைக்கு ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கே ஆபத்து மேடம். குறைச்சுட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

குறைத்தேன். மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் காலியாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன், அப்படிப்பட்டவள் குறைத்தேன். ராத்திரிச் சோற்றை விட்டேன், காப்பிக்குச் சர்க்கரையை விட்டேன், விடிந்ததும் ஏரிக்கரையில் வேர்க்க வேர்க்க நடந்தேன். ஜாக்கெட்டுகள் தோளில் நிற்காமல் நழுவின. ஒருநாள் டாக்டர் எடை மெஷினைப் பார்த்துவிட்டு, "சபாஷ், போதும். இனிமே ஒரு கிலோகூடக் குறையக் கூடாது. இதே எடையில நில்லுங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். குறைக்கச் சொன்னபோது குறைத்துவிட்டேன். நிற்கச் சொன்னபோது நிற்கத் தெரியவில்லை. ஒரு ஸ்பூன் நெய்யைப் பார்த்தால் போன சதையெல்லாம் வாசலில் வந்து நிற்கிற மாதிரி பயம். அதைவிட மோசம், காலி வயிற்றோடு காலையில் எழுந்திருப்பதில் எனக்கு ஒரு ருசி வந்திருந்தது. தட்டைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு எழுந்தால், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி ஒரு திமிர். மறுமுறை போனபோது எடை இன்னும் இறங்கியிருந்தது, ரத்தமும் கம்மி. டாக்டர் என்னிடம் பேசாமல் டயட்டீஷியனிடம் அனுப்பினார்.

சின்னப் பெண். என்னைவிடப் பொறுமைசாலி. "வயிறு முட்டச் சாப்பிட வேணாம் ஆன்ட்டி. கொஞ்சமா சாப்பிடுங்க, ஆனா அதுல சத்து கெட்டியா இருக்கணும்" என்றாள். வேர்க்கடலை, எள், பாதாம், பேரீச்சை, நேந்திரம்பழம், கெட்டித் தயிர், முட்டை, பருப்புச் சோற்றில் ஒரு ஸ்பூன் நெய். பஜ்ஜியும் டால்டா ஸ்வீட்டும் எடையைத் தரும், உடம்பைத் தராது என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் ஒன்றரை இட்லியோடு எழுந்துகொண்டேன்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், என்னைத் தின்னச் சொன்னதெல்லாம் அக்கா தொடக்கூடாதவை. வாழைப்பழம் கூடாது, கடலை கூடாது, தேங்காய் கூடாது, பேரீச்சை கூடாது. கீரையைக்கூட வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். குடிக்கிற தண்ணீருக்கே அளவு. அப்படிப்பட்டவள்தான், "இவ தானா செஞ்சு தின்ன மாட்டா" என்று சொல்லி, எனக்கு வேர்க்கடலை உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள்.

டயாலிசிஸ் இல்லாத நாளில் வறுப்பாள். கடலையை இரும்புச் சட்டியில் வறுத்து, தோலை ஊதி, எள்ளும் வெல்லமும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று. வீடே மணக்கும். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் உருட்டி உருட்டி எவர்சில்வர் டப்பாவில் அடுக்குவாள். ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டாள்.

"எப்படிடி இருக்கு?"

"வெல்லம் பத்தல."

"அதெல்லாம் சரியாத்தான் போட்டேன்."

"நீ தின்னு பாத்தியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா சிரித்துவிட்டாள். "அதுக்குத்தான் நீ இருக்கியே. எனக்கும் சேத்துத் தின்னு" என்று இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அவள் முன்னால் மறுக்க முடியாது. வீட்டுக்கு வந்து அதை ஈடுகட்ட ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன்.

ஐப்பசி வந்தது, மழை வந்தது, ஆபரேஷனுக்கு நாளும் வந்தது. கந்த சஷ்டி முடிந்த மறு வாரம். தேதியைக் கேட்டதும் காலண்டரில் சஷ்டி நாளைத் தேடினேன். காரணம், கிட்னி பொருந்துமா பொருந்தாதா என்று தெரியாமல் தவித்த நாளில் நான் குன்றத்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். "பொருந்திட்டா, வர்ற சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் தண்ணிதான் குடிப்பேன்" என்று. அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். இப்போது என் முறை.

டாக்டரிடம் இழுத்து இழுத்துச் சொன்னேன். "ஆறு நாள் பட்டினியா? எடை இன்னும் இறங்கி, ரத்தமும் குறைஞ்சா நான் ஆபரேஷனைத் தள்ளி வைப்பேன். உங்க அக்கா தள்ளி வைக்கிற நிலைமையில இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அக்கா கையில் டயாலிசிஸுக்கு ஊசி போடுகிற நரம்பு அடைத்துக்கொண்டே இருந்தது.

"சாமி கோவிச்சுக்காதுடி" என்றார் என் கணவர்.

"உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த பயம் அவருக்குத் தெரியாது. வேண்டுதலை விட்டுவிட்டு, நாளைக்கு அந்தக் கிட்னி அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்? அந்தப் பழியோடு நான் எப்படி உயிரோடு இருப்பேன்?

அக்காவிடம் யார் சொன்னார்களோ, போன் வந்தது. அக்கா கத்தி நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கத்தினாள். "யாரைக் கேட்டுடி வேண்டிக்கிட்டே? நீ பட்டினி கிடந்து எனக்கு என்ன வரப்போகுது? எனக்கு வேணும்கிறது உன் பட்டினியா, கிட்னியா?" என்றவள் பாதியில் அழ ஆரம்பித்தாள். "எனக்கு வாழணும்டி" என்றாள். இத்தனை நாளில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சஷ்டி தொடங்குவதற்கு முந்தின நாள் குன்றத்தூருக்குப் போனேன், முருகனிடமே கேட்டுவிடுவது என்று. மழை தூறிக்கொண்டிருந்தது. காலையில் காப்பியோடு சரி. மலைக்கோயிலில் பாதிப் படி ஏறுவதற்குள் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தப் படியைக் கூட ஏற முடியாத உடம்பிலிருந்தா ஒரு உறுப்பை எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒருவழியாகச் சன்னதிக்குப் போய்ச் சண்டை போட்டேன். வாய்விட்டுத்தான். "நீயே சொல்லு. விரதம்னா பிடிச்சதை விடணும், அவ்வளவுதானே?" என்றேன். சொல்லி முடித்ததும் அப்படியே நின்றேன். எனக்கு இப்போது எது பிடிக்கிறது? சோறா? சோறு பிடித்த காலம் போய்விட்டதே. பட்டினிதான் பிடித்திருந்தது. பசியோடு படுப்பதுதான் பிடித்திருந்தது. ஆறு நாள் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடப்பது எனக்கு ஒரு கஷ்டமே இல்லை, ஜம்மென்று செய்துவிடுவேன். ஆறு நாள் ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முடியாத காரியம்.

"சரி, அப்ப அதையே விடறேன். ஆறு நாளும் பசியை விடறேன். தப்புன்னா என்கிட்ட வா, அக்காகிட்டப் போகாதே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய் விரலில் வழிந்தது. படியில் உட்கார்ந்து, விரலைச் சூப்பி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். எனக்குள்ளே ஒருத்தி "போச்சு, எல்லாம் போச்சு" என்று அலறிக்கொண்டே இருந்தாள். அவளை அலற விட்டேன்.

ஆறு நாளும் நியமம் தவறவில்லை. விடியற்காலையில் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு சாப்பிட உட்காருவேன். பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சி, இரண்டு பேரீச்சை. நடுவில் அக்காவின் உருண்டை. மத்தியானம் பருப்புச் சோறும் நெய்யும், கெட்டித் தயிரும். சாயங்காலம் நேந்திரம்பழம். ராத்திரி நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி. மூன்றாம் நாள் நெய்ச் சோறு தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்றது. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, "முருகா, முருகா" என்று ஒவ்வொரு கவளமாக விழுங்கினேன்.

எதிர்வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "சஷ்டி விரதம்னு சொன்னீங்க?" என்றார்.

"விரதம்தான்" என்றேன், வாயில் உருண்டையோடு.

"இந்த மாதிரி விரதம்னா நானும் இருப்பேனே" என்று என் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். சிரிப்பு வந்தது. சாப்பிடும்போது சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று தோன்றியது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அக்காவின் போன் வரும். "சாப்டியா?" அவ்வளவுதான். "சாப்டேன்" என்றால் வைத்துவிடுவாள்.

சூரசம்ஹாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். எடை மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். "நின்னுருக்கு" என்றார் டாக்டர். டாக்டர் முன்பே கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரையில் ரத்தமும் தேறியிருந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அனுபவித்ததில்லை. வரும் வழியில் ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அந்தப் பழக்கார அம்மாவிடம் ஒரு சீப்பு வாங்கினேன். "அப்டி சாப்டுமா! இப்ப பாரு, மூஞ்சில கொஞ்சம் களை கீது" என்றார்.

ஆபரேஷன் அன்று மயக்கம் தெளிந்து நான் முதலில் பார்த்தது என் கணவரின் அழுத முகத்தை. "உங்கக்காவுக்கு யூரின் வந்துருச்சுடி. பை நிறைஞ்சுடுச்சாம்" என்றார். மூத்திரம் வந்ததற்கு ஒரு குடும்பமே கையெடுத்துக் கும்பிட்டது.

அதற்கப்புறம் மருந்து, முகமூடி, பயம் எல்லாம் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு டெஸ்ட்டும் நல்லபடியாக வந்தது. வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் வழக்கம்போல எனக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் டாக்டர், "ஆசையா இருந்தா ஒண்ணு சாப்பிடலாம், ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லியிருந்தார். அவளே ஒரு உருண்டையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். கண் கலங்கியது.

"ஆமாண்டி. வெல்லம் பத்தல" என்றாள்.

முழுசும் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். நான் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சரி போ" என்றாள் அக்கா. "நாளைக்குத் தூக்கலா போடறேன்."