எண்ணூர் ஆற்றங்கரையில் ஒரு கண் பரிசோதனை அறை

கண் பரிசோதிப்பவளின் பிழைப்பு, நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. கேட்டுக் கேட்டு, வீட்டில் தோசை வார்க்கும்போதுகூட அந்தக் கேள்விதான் வாயில் வருகிறது.

மாறுதல் மனு கொடுத்துவிட்டுக் காலண்டரையே முறைத்துக்கொண்டிருக்கும் சக உத்தியோகஸ்தர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் குன்னூர்க்காரி, மூடுபனியில் வளர்ந்தவள். நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனை என்னைத் தூக்கி எண்ணூர்க் கிளையில் போட்டது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டே அறை. வந்த முதல் வாரமே, என்னைக் குன்னூர்க் கிளைக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மனு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குடை

எண்ணூரில் இறங்கிய நாளிலிருந்து குடை என் கையை விட்டு இறங்கவில்லை. தலையில் துப்பட்டா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அதற்கு மேல் குடை. ஸ்டேஷனிலிருந்து கிளைக்குப் பத்து நிமிஷ நடை. அதை ஐந்து நிமிஷத்தில் ஓடிக் கடப்பேன். மாலையில் சட்டையைத் தட்டினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் உதிரும். இந்த ஊரில் மனுஷி இருப்பாளா என்று தினமும் அம்மாவிடம் போனில் புலம்புவேன்.

கிளை வாசலில் நெத்திலி காயவைக்கும் ஒரு அம்மாள் உச்சி வெயிலில் வெறுந்தலையோடு உட்கார்ந்திருப்பாள். நான் ஓடுவதைப் பல நாள் பார்த்தவள், ஒரு நாள் வாயைத் திறந்தாள்: "வெயிலு இன்னா நாயா, இப்டி பயந்து ஓட்றே? சும்மா நில்லு, பழகிடும்."

தேசப்பன் அண்ணன்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எங்களிடம் ஒரு அட்டை உண்டு. சீப்பு மாதிரி ஒரு உரு, ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பக்கம் திரும்பியிருக்கும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொன்னால் போதும். தேசப்பன் அண்ணன் ஐம்பது வயது மீனவர். உட்கார்ந்ததும் கடகடவென்று சொன்னார்: "கடப்பக்கம், கரப்பக்கம், மேல, கடப்பக்கம்."

வலதா, இடதா என்று மூன்று தரம் கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மனிதர் குத்துமதிப்பாக அடித்துவிடுகிறார் என்று முடிவு செய்து, பார்வை மோசம், பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சீட்டு எழுதினேன். சீட்டை வாங்கிய அவர் முகம் செத்துப்போயிற்று. கண் போனால் கடலுக்குப் போக முடியாதே. பதிவு மேசையில் இருக்கும் ஸ்டெல்லா ராயபுரத்துக் கடலோரப் பெண். அவள் எட்டிப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், அண்ணனை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு என் சீட்டை வாங்கிக் கிழித்தாள். "அவரு ஒன்னு வுடாம சரியா தான் மேடம் சொல்லிக்கினு கீறாரு. கடப்பக்கம்னா கடல் பக்கம். உங்களுக்கு தான் கடல் எந்தப் பக்கம்னு தெர்ல."

வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. அன்று சாயங்காலம் குடையை விரிக்காமல் முகத்துவாரம் வரை நடந்தேன். ஆற்றின் மேல் மஞ்சள் வெயில் விழுந்து கிடந்தது. வலைகளைக் காயப் போட்டவர்கள், பார்க்க வந்த விருந்தாளி போல எனக்கு இடம் விட்டு உட்காரச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா மறுநாள் சொன்னாள்: "மூஞ்சி கறுத்துட்ச்சி மேடம், நல்லா கீது."

கன்னியம்மா

கன்னியம்மா ஆற்றில் கையால் இறால் பிடிப்பவள். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை. ஆபரேஷன் என்றால் ஒரு மாதம் ஆற்றில் இறங்கக் கூடாது. அதுதான் அவளுக்குப் பயம். நேரில் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு காலையில் கரைக்குப் போனேன்.

நாலைந்து பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்திருந்தார்கள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவும். இறால் அகப்பட்டால் நேரே பறிக்குள் போகும். சிப்பி கிழித்த விரல்கள். நான் பேச வந்ததை மறந்து நின்றேன். கரையேறிய கன்னியம்மாவிடம், கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன், தினமும் நானே சொட்டு மருந்து போடுகிறேன் என்றேன். அவள் என் முகம் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்தாள். "எங்க வேலைக்கி கையே கண்ணு. ஆனா நீ தண்ணி வரைக்கும் வந்து கூப்ட்டே, வர்றேன்."

உத்தரவு

அந்த வாரமே மாறுதல் உத்தரவு வந்தது. பத்து நாளில் குன்னூரில் சேர வேண்டும். எதற்காகத் தவம் கிடந்தேனோ அது கையில் இருக்கிறது. சந்தோஷம் மட்டும் வரவில்லை. செய்தி கன்னியம்மா காதுக்குப் போய்விட்டது. ஈரப் புடவையோடு வந்து வாசலில் நின்றாள். "நீ போறதுன்னா போ, எனக்கு ஆபரேசனு வோணாம்" என்று சொல்லிவிட்டுத் தடவிக்கொண்டே படியிறங்கினாள்.

கன்னியம்மாவுக்காகத்தான் இருந்தேன் என்றால் அது வீண் பெருமை. காலை ரயில், வெயில், ஸ்டெல்லாவின் இறால் தொக்கு, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும் தெரு, இதையெல்லாம் விட எனக்கு மனமில்லை. இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, உத்தரவை ரத்து செய்யுங்கள் என்றேன். அந்தப் பக்கத்தில் மேலாளர் சொன்னார்: "எண்ணூர விட்டுப் போகத்தான் எங்ககிட்ட ஃபாரம் இருக்கு. இருக்கறதுக்கு இதுவரைக்கும் யாரும் கேக்கலியேம்மா."

கட்டுப் பிரித்த நாள்

நான் போகவில்லை என்று தெரிந்ததும் கன்னியம்மா தானே வந்தாள்; பெரிய மருத்துவமனையில் அவள் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் எங்கள் கிளையில் கட்டைப் பிரித்ததும் என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். நானும் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழைத்துப் போனோம்.

கரையில் நின்றவள் அசையவில்லை. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், ஓரத்தில் சாம்பல் சேறு. புரை மறைத்த கண்ணோடு வருஷக்கணக்காகத் தினம் இறங்கிய ஆற்றை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். "இம்மாங் கறுப்பா? யாருமே சொல்லலியே" என்றாள்.  இதைக் காட்டவா பார்வையை வாங்கிக் கொடுத்தோம் என்று எனக்கு அழுகை வந்தது. அவள் நீரையே வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உனுக்கு தான் நல்ல கண்ணாச்சே. இத்தப் பாத்துக்கினேவா இங்க இருக்கேன்னு சொன்னே?"

ஊருக்கெல்லாம் கண்ணாடி எழுதிக் கொடுப்பவளுக்குக் கண் அவிந்துபோயிற்று என்று குன்னூரில் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் மறுத்துப் பேசுவதில்லை.